அமெரிக்கப் படைவீரர்களின் ஊதியமும் கல்விச் சலுகையும்: எதை முதலில் திருத்த வேண்டும்?

அமெரிக்க ராணுவத்தின் கீழ்நிலை வீரர்களுக்கு 2025-இல் பெரிய ஊதிய உயர்வு கிடைத்துவிட்ட பிறகும், சம்பளத்தைச் சீர்திருத்த வேண்டும், கல்விச் சலுகையைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு ஏன் ஓயவில்லை, இரண்டில் எதை முதலில் தொட வேண்டும் என்பது கேள்வி. என் விடை இது: சம்பளத்தின் மொத்த அளவில் இப்போது பெரிய குறையில்லை, அது எந்தெந்தப் பெயரில் பிரித்துத் தரப்படுகிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது. கல்விச் சலுகைக்கும் தாராளமாகவே பணம் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணம் எந்தக் கல்லூரியின் கல்லாவில் போய் விழுகிறது, யாருக்குத் தகுதி மறுக்கப்படுகிறது என்ற இரண்டு இடங்களில் திருத்தம் தேவை. ஆகவே இன்னொரு பொதுவான ஊதிய உயர்வைவிடச் சம்பளத்தின் இந்தப் பிரிப்பையும், கல்விச் சலுகையின் இந்த இரண்டு இடங்களையும் முதலில் கவனிப்பதே பயன் தரும் என்று கருதுகிறேன்.

இதை விளக்கும் முன், ஊதியமும் கல்விச் சலுகையும் ராணுவ நிர்வாகத்தின் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்று பார்த்துவிட வேண்டும். நல்ல சம்பளம் பழகிய வீரரைப் படையிலேயே இருக்கச் செய்கிறது. படையை விட்டு வெளியேறிய பிறகு கல்லூரிக்குப் போகப் பணம் தருவோம் என்ற வாக்குறுதி பதினெட்டு வயது இளைஞரை உள்ளே கொண்டுவருகிறது. ஆனால் அதே வாக்குறுதி நான்கு ஆண்டுகள் கழித்து, அவரைப் பயிற்றுவிக்கச் செலவான பணம் பலன் தரத் தொடங்கும் வேளையில், அவரை வெளியே அழைக்கவும் செய்கிறது. 1944 முதல் இன்றுவரை நடந்த சீர்திருத்தங்கள் பெரும்பாலும் இந்த இழுபறிக்குள் எட்டப்பட்ட சமரசங்களே. நாடு வீரருக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற உணர்ச்சிகரமான பேச்சு மேடையில் ஒலிக்கும். அறைக்குள் நடக்கும் விவாதம் ஆள்சேர்ப்பையும் ஆளைத் தக்கவைப்பதையும் பற்றியதாக இருக்கும்.

முதலில் சம்பளம். அமெரிக்கப் படைவீரருக்கு அடிப்படைச் சம்பளம் ஒன்று. வீட்டு வாடகைப் படி ஒன்று. உணவுப் படி ஒன்று. அடிப்படைச் சம்பளத்துக்கு வருமான வரி உண்டு, படிகளுக்கு இல்லை. வாடகைப் படி வீரரின் பதவி, அவருக்குக் குடும்பம் இருக்கிறதா இல்லையா, அவர் பணிபுரியும் ஊரின் அஞ்சல் குறியீடு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். படைமுகாமின் பொதுக்குடியிருப்பில் தங்கும் மணமாகாத இளம் வீரருக்கு அந்தப் படி பொதுவாகக் கிடைப்பதில்லை, ஏனெனில் அவருக்கு இடம் இலவசம். இந்த அமைப்பில் கடைநிலையான இ-1 பதவியில் இருப்பவரின் அடிப்படைச் சம்பளம் 2024-இல் மாதம் சுமார் 2,017 டாலர். 2024 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் எல்லோருக்கும் 4.5 விழுக்காடும், இ-1 முதல் இ-4 வரையிலானவர்களுக்குக் கூடுதலாக 10 விழுக்காடும் தந்தது. 2025 ஏப்ரல் முதல் அதே கடைநிலை வீரரின் அடிப்படைச் சம்பளம் சுமார் 2,319 டாலராக உயர்ந்தது. நெப்ராஸ்கா உறுப்பினர் டான் பேக்கன் தலைமையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவையில் ராணுவக் குழு அமைத்திருந்த வாழ்க்கைத்தரக் குழு, இளநிலை வீரர்களுக்கு இதைவிடவும் பெரிய உயர்வைப் பரிந்துரைத்திருந்தது. இறுதிச் சட்டத்தில் அது குறைக்கப்பட்டது.

இந்த உயர்வு வருவதற்கு முன்பே நிலைமை எப்படி இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதுகாப்புத்துறை நடத்தும் ஊதிய மறுஆய்வு ஒன்று உண்டு. 2002-இல் வெளியான ஒன்பதாவது மறுஆய்வு ஓர் அளவுகோலை வைத்தது: ஒத்த கல்வியும் அனுபவமும் உடைய நூறு குடிமக்களை வருமான வரிசையில் நிறுத்தினால், வீரரின் மொத்த ஊதியம் குறைந்தது எழுபது பேருடைய வருமானத்தை எட்ட வேண்டும். பதினான்காவது மறுஆய்வு 2025 ஜனவரியில் வெளியானபோது, 2023-ஆம் ஆண்டு நிலவரப்படி சாதாரண வீரர்கள் அந்த வரிசையில் கீழிருந்து 83-ஆவது இடத்திலும் அதிகாரிகள் 76-ஆவது இடத்திலும் இருப்பதாகச் சொன்னது. அதாவது தனியார் துறையோடு ஒப்பிட்டால் படைவீரர் ஏழை என்ற படிமத்துக்குப் புள்ளிவிவரம் இடம் தரவில்லை.

அப்படியானால் பசி எங்கிருந்து வருகிறது? அதே பாதுகாப்புத்துறை 2020-இல் நடத்திய கணக்கெடுப்பில் முழுநேரப் பணியில் உள்ள வீரர்களில் 24 விழுக்காட்டினர் உணவுப் பாதுகாப்பற்ற நிலையில் இருப்பதாகத் தெரியவந்தது. இரண்டு கணக்குகளும் ஒரே அரசிடமிருந்து வந்தவை. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். மொத்த ஊதியம் என்று கணக்கிடும்போது வாடகைப் படியும், உணவுப் படியும், வரி விலக்கால் மிஞ்சுவதும் சேர்க்கப்படுகின்றன. இந்தப் பணத்தில் பெரும்பகுதி வந்த வழியே வீட்டுக்காரரிடம் போய்விடுகிறது; அதிலும் வாடகைப் படியின் கணக்கே வாடகையில் 5 விழுக்காட்டை வீரர் தன் கையிலிருந்து போட வேண்டும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாற்றம் வருவதால் கணவனோ மனைவியோ ஒரு வேலையில் ஊன்ற முடிவதில்லை. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வேலை தேடும் துணைவர்களில் 21 விழுக்காட்டினர் வேலையின்றி இருந்தார்கள். ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் இருபத்து மூன்று வயதுச் சிப்பாய்க்கு, எண்பத்து மூன்றாவது இடம் என்ற சராசரி எந்த வகையிலும் சோறு போடாது.

இங்கேதான் வடிவக் கோளாறு வெளிப்படுகிறது. ஏழைகளுக்கான உணவு உதவித் திட்டம் வாடகைப் படியை வருமானமாகக் கணக்கிடுகிறது. வருமான வரித் துறைக்கு அது வருமானமில்லை, உணவு உதவி அலுவலகத்துக்கு அது வருமானம். செலவு மிகுந்த ஊருக்கு மாற்றப்பட்ட வீரரின் வாடகைப் படி உயர்கிறது, அந்த உயர்வே அவரை உணவு உதவிக்கான வரம்புக்கு வெளியே தள்ளிவிடுகிறது. இதைச் சரிசெய்வதாகச் சொல்லி அடிப்படைத் தேவைப் படி என்ற புதிய படி ஒன்று 2023 ஜனவரியில் தொடங்கப்பட்டது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அரசு மிச்சத்தை நிரப்பும் என்பது ஏற்பாடு. அந்த வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் வாடகைப் படியை இந்தக் கணக்கிலும் வருமானமாகவே சேர்த்துக்கொண்டதால், பழைய ஓட்டை புதிய திட்டத்திலும் அப்படியே இருந்தது. வாடகைப் படியை இவ்விரு கணக்குகளிலிருந்தும் நீக்குவதற்கு ஆகும் செலவு, பதின்மூன்று லட்சம் பேருக்கு ஒரு விழுக்காடு சம்பளம் கூட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்கதுகூட இல்லை. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இந்தத் திருத்தத்தையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

ஊதிய அமைப்பு இப்படிச் சிக்கலானதற்குக் காரணம் வரலாறு. கட்டாய ராணுவச் சேவை இருந்த நாளில் அரசுக்கு நியாயமான சம்பளம் தர வேண்டிய நெருக்கடி இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் அழைப்பாணை அனுப்பினால் போதும். கட்டாயச் சேவையைக் கைவிடுவது பற்றி ஆராய அதிபர் நிக்சன் அமைத்த கேட்ஸ் ஆணையம் 1970 பிப்ரவரியில் தந்த அறிக்கை இதைப் பொருளாதார மொழியில் சொன்னது: சந்தையில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைந்த கூலிக்கு ஓர் இளைஞனைக் கட்டாயமாக வேலை வாங்குவது அவன்மீது மட்டும் போடப்படும் மறைமுக வரி. பொருளாதார அறிஞர்கள் மில்டன் ஃப்ரீட்மனும் ஆலன் கிரீன்ஸ்பானும் அந்த ஆணையத்தின் உறுப்பினர்கள். 1971-இல் கடைநிலை வீரரின் சம்பளம் ஒரே அடியில் இருமடங்குக்கும் மேல் உயர்ந்தது. 1973-இல் கட்டாயச் சேர்ப்பு முடிவுக்கு வந்தது. அதன்பிறகு அரசு மெத்தனமாக இருந்துவிட, விலைவாசி சம்பளத்தை அரித்து, எழுபதுகளின் இறுதியில் படையின் தரமே கேள்விக்குள்ளானது. 1980-இல் 11.7 விழுக்காடும், அடுத்த ஆண்டு 14.3 விழுக்காடும் உயர்த்தித்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. பின்னாளில் ஆண்டு உயர்வைத் தனியார் துறைக் கூலிக் குறியீட்டோடு சட்டப்படி இணைத்ததால், அத்தகைய பெரும் சரிவு மறுபடி வரவில்லை. இது உருப்படியான சீர்திருத்தம். ஆனால் ஆளுக்குச் சம்பளம், வீட்டுக்குப் படி, சாப்பாட்டுக்குப் படி என்ற பழைய பாசறைக் காலத்துப் பிரிவினை அப்படியே நீடிக்கிறது.

ஓய்வூதியத்தில் மட்டும் துணிந்து கைவைத்தார்கள். 2018 வரை விதி எளிமையானது, கொடுமையானதும்கூட: இருபது ஆண்டு முடித்தால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி வாழ்நாள் முழுக்க, பத்தொன்பதாம் ஆண்டில் விலகினால் ஒன்றுமில்லை. சாதாரண வீரர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எதுவும் பெறாமலே வெளியேறினார்கள். அல்ஃபோன்சோ மால்டன் தலைமையிலான ராணுவ ஊதிய, ஓய்வூதிய ஆணையம் 2015 ஜனவரியில் தந்த பரிந்துரையின் அடிப்படையில், 2018 ஜனவரி முதல் சேர்பவர்களுக்கு இருபது ஆண்டு ஓய்வூதியம் ஐம்பதிலிருந்து நாற்பது விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஈடாக, ஒவ்வொருவரின் சேமிப்புக் கணக்கிலும் அரசு ஒரு விழுக்காட்டைத் தானாகச் செலுத்தி, வீரர் தாமும் சேமித்தால் மேலும் நான்கு விழுக்காடு வரை சேர்க்கிறது. நீண்ட நாள் பணியாற்றுபவரிடமிருந்து எடுத்துக் குறுகிய காலம் பணியாற்றுபவருக்குத் தந்த இந்த மாற்றம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இருபதாம் ஆண்டுவரை கட்டிப்போடும் பழைய கயிறு இதனால் சற்றுத் தளர்ந்தது, அந்தத் தளர்வை வேறு எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்ற கேள்வி கல்விச் சலுகையின் பக்கம் திரும்பியது.

கல்விச் சலுகையின் கதை 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் தொடங்குகிறது. ஜிஐ பில் என்று உலகம் அழைக்கும் இதன் முதல் வரைவை எழுதியவர் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் முன்னாள் தலைவர் ஹாரி கோல்மரி. முதல் உலகப்போரில் சண்டையிட்டவர்கள் 1932-இல் வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையைக் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்டபோது, அவர்களை ராணுவத்தைக் கொண்டே விரட்டிய அவமானம் அப்போது எல்லோர் நினைவிலும் இருந்தது. ஒன்றரைக் கோடிப் பேர் ஒரே நேரத்தில் வேலை தேடி ஊர் திரும்பினால் என்னாகும் என்ற அச்சமும் இருந்தது. ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணத்தை அரசு நேரடியாகக் கல்லூரிக்குச் செலுத்தியது. மாணவரின் கையில் மாதம் 50 டாலர், குடும்பம் இருந்தால் 75 டாலர். அன்றைய ஹார்வர்டின் ஆண்டுக் கட்டணமே 400 டாலர்தான் என்பதைப் பார்த்தால் அந்தச் சலுகையின் வீச்சு புரியும். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் கூடாரமாகிவிடும் என்று எழுதினார். 1947-இல் கல்லூரிச் சேர்க்கையில் 49 விழுக்காட்டினர் முன்னாள் வீரர்கள். அவர்கள்தான் வகுப்பில் முந்தி நின்றார்கள்.

ஆனால் இன்று பலர் பொற்காலம் என்று பேசும் அந்தச் சட்டத்திலேயே பிற்காலக் குறைகள் அனைத்துக்கும் விதை இருந்தது. கல்வியோ பயிற்சியோ பெற்ற 78 லட்சம் பேரில் கல்லூரிக்குப் போனவர்கள் 22 லட்சம். மற்றவர்கள் தொழிற்பள்ளிகள், வேலையிடப் பயிற்சி, பண்ணைப் பயிற்சி ஆகியவற்றுக்குப் போனார்கள். அரசு பணத்தை நேராக நிறுவனத்துக்குத் தருகிறது என்றதும், அந்தப் பணத்துக்காகவே புதுப்புதுத் தனியார் பள்ளிகள் முளைத்தன. கட்டணம் சரியாக அரசின் உச்சவரம்பில் வந்து நின்றது. தெற்கு மாநிலங்களில் நிர்வாகம் உள்ளூர்க்காரர்கள் கையில் விடப்பட்டதால், கறுப்பின வீரர்கள் தாளில் பெற்ற உரிமையை நடைமுறையில் பெற முடியவில்லை. இனப்பிரிவினை காரணமாகப் பெரும்பாலான கல்லூரிகளின் கதவும் அவர்களுக்கு மூடியே இருந்தது. டெக்சஸ் உறுப்பினர் ஓலின் டீக் தலைமையிலான கீழவைக் குழு முறைகேடுகளை விசாரித்தது. அதன் விளைவாக 1952-இல் கொரியப் போர் வீரர்களுக்கான சட்டம் முறையைத் தலைகீழாக்கியது: மாதம் 110 டாலர் மாணவர் கையிலேயே தரப்படும், கட்டணமும் சாப்பாடும் அவர் பொறுப்பு. தொழிற்பள்ளிகளில் சொந்தக் காசு கட்டிப் படிப்பவர்கள் குறிப்பிட்ட விழுக்காடு இருக்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் பிறந்தது. அரசு பணம் இல்லாமல் ஒருவரும் சேர விரும்பாத படிப்புக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும் என்பது அதன் எளிய தர்க்கம். எழுபது ஆண்டு கழித்தும் அதைவிடச் சிறந்த சோதனை கண்டுபிடிக்கப்படவில்லை.

கட்டாயச் சேவை முடிந்ததும் சலுகை சுருங்கியது. 1977 முதல் 1985 வரை சேர்ந்தவர்களுக்கு இருந்தது வீரர் ஒரு டாலர் போட்டால் அரசு இரண்டு டாலர் போடும் சேமிப்புத் திட்டம். அதில் யாருக்கும் பெரிய ஆர்வமில்லை. மிசிசிப்பி உறுப்பினர் சானி மாண்ட்கோமரியின் பெயர் தாங்கிய 1985-ஆம் ஆண்டுத் திட்டம் அதைவிட மேல் என்றாலும், முதல் பன்னிரண்டு மாதம் மாதத்துக்கு 100 டாலர் வீதம் வீரரின் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொண்டது. பின்னர் படிக்காவிட்டால் அந்த 1,200 டாலர் திரும்ப வராது. பதிலாகக் கிடைத்தது மாதம் 300 டாலர், முப்பத்தாறு மாதங்களுக்கு. தொகை காலப்போக்கில் உயர்ந்தாலும் கல்லூரிக் கட்டணம் அதைவிட வேகமாக ஓடியது.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்த 2007 ஜனவரியில், முன்னாள் மரீன் அதிகாரியும் ரீகன் காலக் கடற்படைச் செயலருமான ஜிம் வெப் செனட்டராகப் பதவியேற்ற முதல் நாளிலேயே புதிய மசோதாவைத் தாக்கல் செய்தார். இரண்டாம் உலகப்போர் வீரருக்குக் கிடைத்த மதிப்புக்கு இணையானதை இவர்களுக்கும் தர வேண்டும் என்பது அவர் வாதம். பாதுகாப்புத்துறைத் தலைமையகமான பென்டகன் எதிர்த்தது, செனட்டர் ஜான் மெக்கெயினும் எதிர்த்தார். நான் மேலே சொன்ன இழுபறி அந்த விவாதத்தில் எண்களாகவே வெளிவந்தது: காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம், இந்தச் சலுகையால் மறுபடி கையெழுத்திட்டுப் பணியில் தொடர்பவர்கள் 16 விழுக்காடு குறைவார்கள், புதிதாகச் சேர்பவர்கள் 16 விழுக்காடு கூடுவார்கள் என்று மதிப்பிட்டது. எதிர்த்தவர்கள் முதல் எண்ணைச் சொன்னார்கள், ஆதரித்தவர்கள் இரண்டாவதைச் சொன்னார்கள். 2008 ஜூன் 30 அன்று புஷ் கையெழுத்திட்டார். 2009 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகள் பணியாற்றியவருக்கு மாநில அரசுக் கல்லூரிக் கட்டணம் முழுவதும், கல்லூரி இருக்கும் ஊருக்கேற்ற வாடகைப் படி, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை, முப்பத்தாறு மாதங்களுக்கு. சம்பளத்திலிருந்து பிடித்தம் எதுவும் இல்லை.

பென்டகனைச் சமாதானப்படுத்த அந்தச் சட்டத்தில் ஒரு சரத்து சேர்க்கப்பட்டது. ஆறு ஆண்டு பணி முடித்தவர் மேலும் நான்கு ஆண்டுக்குக் கையெழுத்திட்டால், தம் கல்விச் சலுகையை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றித் தரலாம். வெளியே அழைத்துச்செல்லும் சலுகையையே உள்ளே நிறுத்தும் கருவியாக மாற்றிய இந்த ஏற்பாட்டைப் போலச் சமர்த்தான வேறொன்று ராணுவ ஊதிய வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் செலவும் அதற்கேற்ப வளர்ந்தது. மால்டன் ஆணையம் தகுதியைப் பத்து ஆண்டுப் பணியும் மேலும் இரண்டு ஆண்டு உறுதியும் என்று மாற்றவும், பிள்ளைகளுக்குத் தரும் வாடகைப் படியை நிறுத்தவும் சொன்னது. 2016-இல் அந்தப் படியைப் பாதியாக்கும் மசோதாவைக் கீழவை நிறைவேற்றியபோது, ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கூடுதல் ஆண்டுகள் உழைத்தவர்களிடம் வாக்கு மாறலாமா என்ற எதிர்ப்பு எழுந்தது, மசோதா சட்டமாகவில்லை. இனி சேர்பவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்திருந்தால் ஆணையம் சொன்னதில் தவறில்லை. ஏற்கெனவே கையெழுத்திட்டவரின் ஒப்பந்தத்தை நடுவழியில் குறைப்பது எந்தச் சிக்கனத்தையும்விட அதிக சேதம் செய்யும்.

2008-ஆம் ஆண்டுச் சட்டம் பணத்தை மீண்டும் நேரடியாகக் கல்லூரிக்கே அனுப்பியதால், 1940-களின் நோயும் திரும்பி வந்தது. லாபநோக்குக் கல்லூரிகள் தங்கள் வருமானத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் மத்தியக் கல்வி உதவியிலிருந்து பெறக்கூடாது என்ற விதி இருந்தது. ஆனால் கல்வித்துறை தரும் பணத்தை மட்டுமே அது மத்திய உதவியாகக் கருதியது. ராணுவக் கல்விப் பணம் மீதமுள்ள பத்து விழுக்காட்டில் வரவு வைக்கப்பட்டதால், ஒரு வீரரைச் சேர்த்தால் அந்தக் கணக்கைக் காட்டி மேலும் பல ஏழை மாணவர்களின் அரசுக் கடன் பணத்தை வாங்கலாம் என்றானது. படைமுகாம் வாசல்களில் இந்தக் கல்லூரிகளின் முகவர்கள் குவிந்ததற்குக் காரணம் தேசபக்தி அன்று. செனட்டர் டாம் ஹார்கின் தலைமையிலான குழுவின் விசாரணையில், புதிய ஜிஐ பில் பணத்தை மிகுதியாகப் பெற்ற பத்து நிறுவனங்களில் எட்டு லாபநோக்கு நிறுவனங்கள் என்று தெரிந்தது. அரசின் அதிகாரபூர்வத் தளம் போலத் தோற்றமளித்து மாணவர்களை இந்தக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிட்ட ஓர் இணையதளத்தை, 2012-இல் இருபது மாநில அரசு வழக்கறிஞர்கள் பறித்து அரசிடம் ஒப்படைத்தார்கள். லாபநோக்கு நிறுவனங்களான கொரிந்தியன் கல்லூரிகளும் ஐடிடியும் முறையே 2015-இலும் 2016-இலும் இழுத்து மூடியபோது, சலுகை மாதங்களைச் செலவழித்துவிட்டுப் பட்டமில்லாமல் நின்ற வீரர்கள் ஏராளம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி இழந்த மாதங்களைத் திருப்பித் தர வழி செய்தது. 2021 மார்ச்சில்தான் அந்தத் தொண்ணூறு விழுக்காட்டு ஓட்டை அடைக்கப்பட்டு, 2023 முதல் ராணுவக் கல்விப் பணமும் மத்திய உதவியாக எண்ணப்படுகிறது.

ஓட்டை அடைபட்டது போதுமா? போதாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கல்வி, வருமானப் பதிவுகளை ஒன்பது ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. புதிய சலுகையால் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் 1.2 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினார்கள். ஆனால் சராசரி ஆண்டு வருமானம் உயரவில்லை, குறைந்தது. படிப்பில் செலவான ஆண்டுகளில் வேலை அனுபவம் போயிற்று, அதற்கு ஈடான மதிப்பு பட்டத்தில் வரவில்லை. சட்டம் வந்தபோதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களில், அரசுக் கல்லூரிகளில் இருந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் படிப்பு பட்டமாகவும் வருமானமாகவும் மாறியது. இந்த முடிவைக் காட்டிச் சலுகையையே வெட்ட வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படிப்பு வருமானத்துக்கு மட்டுமா என்று கேட்கலாம்; ஆனால் வருமானத்துக்காகவே என்று விளம்பரம் செய்து ஆளைச் சேர்த்தபின் அப்படிக் கேட்பது அழகன்று. எத்தனை பேர் பட்டம் முடிக்கிறார்கள், முடித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்ற அடிப்படையில் கல்லூரிகளின் அங்கீகாரத்தை மாநிலங்களும் முன்னாள் படைவீரர் நலத்துறையும் ரத்து செய்யத் தயங்குவதே இங்கு மாற வேண்டியது.

சட்டத்தின் மீது சட்டம் அடுக்கியதால் வந்த நிர்வாகக் குழப்பமும் சிறியதன்று. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைப் படியைக் கணக்கிடும் முறையை மாற்றியபோது, நலத்துறையின் பழைய கணினி அமைப்பு அதைத் தாங்கவில்லை. 2018-இன் இறுதியில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு வாடகைப் பணம் தாமதமாகவோ தவறாகவோ வந்தது. மாண்ட்கோமரி திட்டம், 2008-ஆம் ஆண்டுத் திட்டம் இரண்டுக்கும் தனித்தனிப் பணிக்காலங்களில் தகுதி பெற்ற ஒருவர் இரண்டையும் சேர்த்து 48 மாதம் வரை படிக்கலாமா என்ற எளிய கேள்விக்கு விடை காண, ஜேம்ஸ் ருடிசில் என்ற ராணுவ அதிகாரி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நலத்துறை அவருக்கு முப்பத்தாறு மாதமே என்றது. 2024 ஏப்ரலில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

தகுதி மறுக்கப்படுவோர் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது, பகுதிநேரமாகப் பணியாற்றி, தேவைப்படும்போது அழைக்கப்படும் நேஷனல் கார்டு, ரிசர்வ் படையினரை. 2008-ஆம் ஆண்டுச் சலுகைக்கு முழுநேரப் பணியில் கழிந்த நாட்களே கணக்கில் சேரும். மாதாந்தர வார இறுதிப் பயிற்சியும் கோடைக்காலப் பயிற்சியும் சேரா. ஒரே வேலையைச் செய்தாலும், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் ஆணை எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து ஒருவருடைய நாள் சேர்கிறது, பக்கத்தில் நிற்பவருடைய நாள் சேர்வதில்லை. வெள்ளம், காட்டுத்தீ, பெருந்தொற்று என்று கார்டு வீரர்களை ஓயாமல் அழைத்த ஆண்டுகளில் இந்த வேறுபாடு பெருங்குறையானது. சீருடையில் கழித்த ஒவ்வொரு நாளையும் சமமாக எண்ணும் மசோதாவைக் கீழவை 2022 ஜனவரியில் 135 எதிர்ப்பு வாக்குகளுக்கிடையே நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவில்லை. செலவு அதிகம் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். கார்டு வீரர் தம் ஊரிலேயே வேலையும் படிப்பும் வைத்துக்கொண்டு படையில் தொடர்பவர்; கல்விச் சலுகை ஆளை வெளியேற்றிவிடும் என்று 2008-இல் பென்டகன் சொன்ன வாதம் அவருக்கு ஏறத்தாழப் பொருந்தாது. தரைப்படை 2022-இல் தன் ஆள்சேர்ப்பு இலக்கில் சுமார் 15,000 பேர் குறைந்து தவித்ததையும், அதே ஆண்டு கல்விக் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது அது ராணுவத்தின் ஆள்சேர்ப்புக் கருவியைப் பறித்துவிடும் என்று காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் வெளிப்படையாகவே கடிதம் எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால், கல்விச் சலுகைக்கு இன்னும் எவ்வளவு இழுப்பு இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும் என்றாகிறது. அடுத்த பாதுகாப்புச் சட்டத்தில் ஊதிய உயர்வின் விழுக்காட்டைப் பற்றித்தான் செய்திகள் வரும். வாடகைப் படியை வருமானத்திலிருந்து நீக்கும் சரத்தும் கார்டு வீரர்களின் நாட்களை எண்ணும் சரத்தும் உள்ளே இருக்கின்றனவா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.